1-5 தோல்வியிலிருந்து கிண்ணம் வரை: பயிற்றுநர் ராஜகோபால் காட்டிய வழி எங்கே போனது?

2010 டிசம்பர் 1. ஜகார்த்தாவின் குளோரா பூங் கார்னோ அரங்கம். ஆட்டம் முடிந்தபோது பலகையில் இருந்த கணக்கு: இந்தோனேசியா 5, மலேசியா 1.

அன்றிரவு யாராவது, “கவலைப்படாதீங்க, இன்னும் நாலே வாரத்தில் இதே திடலில் நம்ம பசங்க கிண்ணத்தைத் தூக்குவாங்க” என்று சொல்லியிருந்தால், மாமாக் கடையில் தே தாரேக் ஆற்றுகிறவர்கூடச் சிரித்திருப்பார். ஆனால் அதுதான் நடந்தது. டிசம்பர் 29-ஆம் தேதி, அதே அரங்கத்தில், அதே இந்தோனேசியாவுக்கு எதிராக இறுதி ஆட்டத்தை முடித்துவிட்டு, மலேசியா முதன்முறையாக ஏஎஃப்எஃப் சுசுகி கிண்ணத்தை வென்றது.

இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு அப்போது பத்து வயதுகூட ஆகியிருக்காது. டிசம்பர் 31-ஆம் தேதி நாடு முழுக்கப் பொது விடுமுறை விட்டார்கள், அப்பா அம்மா திடீரென்று வீட்டில் இருந்தார்கள் என்பது மட்டும் நினைவிருக்கலாம். அந்த விடுமுறைக்குக் காரணமான அணியின் பயிற்றுநர் ஒரு தமிழர்: டத்தோ கே. ராஜகோபால்.

அதற்குப் பிறகு 15 ஆண்டுகளில் மலேசியா அந்தக் கிண்ணத்தை மறுபடி தொட்டதே இல்லை. நடுவில் வெளிநாட்டுப் பயிற்றுநர்கள் வந்தார்கள், வெளிநாட்டில் பிறந்த ஆட்டக்காரர்கள் வந்தார்கள். 2025-ல் ஃபிஃபாவின் தண்டனையும் வந்தது. ஆகவே இப்போது கேட்க வேண்டிய கேள்வி இது: 2010-ல் ராஜகோபால் செய்தது என்ன? அதை ஏன் நம்மால் தொடர முடியவில்லை?

சுருக்கமாக

• 2009-ல் சீ விளையாட்டுப் போட்டித் தங்கம், 2010-ல் சுசுகி கிண்ணம். ஓராண்டுக்குச் சற்றே கூடுதலான காலத்தில் இரண்டும் ராஜகோபால் தலைமையில் கிடைத்தன.

• இரண்டு போட்டிகளிலும் ஒரே கதை: முதலில் எந்த அணியிடம் தோற்றாரோ, அதே அணியை இறுதி ஆட்டத்தில் வீழ்த்தினார்.

• அணி முழுக்க உள்நாட்டில் வளர்ந்த இளைஞர்கள். அவர்களைத் தயார்செய்த இளையோர் திட்டம் 2015-ல் கலைக்கப்பட்டது.

யார் இந்த ராஜகோபால்?

1956-ல் பிறந்தவர். சிலாங்கூருக்கும் தேசிய அணிக்கும் விளையாடியவர். ஓய்வுக்குப் பின் பயிற்றுநரானார். உள்ளூர்க் கிளப்புகளிலும் மாநில அணியிலும் பணியாற்றியதோடு, தேசிய இளையோர் அணிகளுடனும் வேலை செய்தார். இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்ததற்கெல்லாம் அதுதான் அடித்தளம்.

பெரிய அணிகளில், பெரிய நட்சத்திரங்களோடு வேலை செய்து மேலே வருகிற பயிற்றுநர்கள் உண்டு. ராஜகோபாலுக்கு அமைந்தது வேறு பாதை. பதின்ம வயதுப் பையன்களை வைத்து அணி கட்டுகிற வேலை அது. அதில் கைதட்டலும் குறைவு, சம்பளமும் குறைவு, பத்திரிகையில் படமும் வராது. ஆனால் எந்தப் பையனுக்கு எவ்வளவு அழுத்தம் தாங்கும், தோற்ற மறுநாள் யார் எப்படி இருப்பான் என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது.

அவர் பொறுப்பேற்றபோது நிலைமை எப்படி இருந்தது?

நேராகச் சொன்னால், படுமோசம்.

2007-ல் மலேசியா ஆசியக் கிண்ணத்தைக் கூட்டாக ஏற்று நடத்தியது. சொந்த மண்ணில் மூன்று ஆட்டம், மூன்றிலும் தோல்வி. சீனாவிடம் 1-5, உஸ்பெகிஸ்தானிடம் 0-5, ஈரானிடம் 0-2. அதற்குப் பின் பொறுப்பேற்ற பி. சத்தியநாதனுக்கும் 2009 ஜனவரி நல்லபடியாக அமையவில்லை. ஆசியக் கிண்ணத் தகுதிச்சுற்றில் ஐக்கிய அரபுச் சிற்றரசுகளிடம் சொந்தத் திடலிலேயே 0-5. அத்தோடு அவருடைய காலம் முடிந்தது.

அப்போதுதான் ராஜகோபால் வந்தார். 2009 ஜூலையில் மான்செஸ்டர் யுனைடெட் கோலாலம்பூர் வந்தது. ஜகார்த்தாவில் நடந்த ஹோட்டல் குண்டுவெடிப்பால் அங்கு நடக்கவிருந்த ஆட்டம் ரத்தாகி, மலேசியாவுக்கு எதிராக இரண்டு ஆட்டம் என்று ஆனது. முதல் ஆட்டத்தில் 2-3, இரண்டாவதில் 0-2. தோல்விதான். ஆனாலும் அந்த முதல் ஆட்டத்தில் அம்ரி யாஹ்யா அடித்த இரண்டு கோல்களைப் பார்த்தவர்கள், “பரவாயில்லையே, நம்ம அணிக்கு உயிர் இருக்கு” என்று பேச ஆரம்பித்தார்கள்.

லாவோசில் கிடைத்த தங்கம்

2009 டிசம்பர், வியந்தியானில் சீ விளையாட்டுப் போட்டி. காற்பந்தில் 23 வயதுக்குட்பட்டோர் அணி. ராஜகோபாலுக்குக் கைவந்த களம்.

பிரிவு ஆட்டத்தில் வியட்நாமிடம் 1-3 என்று மலேசியா தோற்றது. கடைசிப் பிரிவு ஆட்டத்தில் எதிரே நின்றது தாய்லாந்து. 1993 முதல் 2007 வரை தொடர்ச்சியாக எட்டு முறை தங்கம் வென்ற அணி. அந்த அணியை 2-1 என்று வென்று, போட்டியிலிருந்தே வெளியேற்றியது மலேசியா. அரையிறுதியில் உபசரணை நாடான லாவோசை 3-1 என்று தாண்டியது.

டிசம்பர் 17-ஆம் தேதி இறுதி ஆட்டம். மறுபடி வியட்நாம். இரண்டு வாரத்துக்குள் நம்மை மூன்று கோல் அடித்த அதே அணி. இந்த முறை ஒரு கோல்கூட அடிக்கவிடவில்லை. ஆட்டம் முடியும் தறுவாயில் வியட்நாம் ஆட்டக்காரர் ஒருவர் தவறுதலாகத் தம் வலைக்குள்ளேயே பந்தைத் தள்ளிவிட, 1-0. 1989-க்குப் பிறகு, 20 ஆண்டு கழித்துக் காற்பந்துத் தங்கம்.

சொந்த கோலில் கிடைத்த வெற்றி, அதிர்ஷ்டம்தானே என்று கேட்கலாம். கேட்டார்கள். பதில் ஓராண்டு கழித்து வந்தது.

அந்த 29 நாட்கள்

2010 நவம்பரில் குவாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இதே இளைஞர்கள் 16 அணிகள் மோதும் சுற்று வரை போனார்கள். ஈரானிடம் 1-3 என்று தோற்று வெளியேறினார்கள். அடுத்து உடனே சுசுகி கிண்ணம். அந்த இளைஞர்களில் பலரையே ராஜகோபால் அங்கும் கூட்டிப்போனார். அனுபவம் வாய்ந்த பெரிய பெயர்கள் சில பட்டியலில் இல்லை. முதல் ஆட்டமே அந்த 1-5. விமர்சனம் எப்படி வந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

இப்போது அடுத்த ஆறு ஆட்டங்களின் கணக்கைப் பாருங்கள்.

• தாய்லாந்துடன் 0-0

• லாவோசுடன் 5-1

• அரையிறுதி, புக்கிட் ஜாலில்: வியட்நாமுடன் 2-0

• அரையிறுதி, ஹனோய்: வியட்நாமுடன் 0-0

• இறுதி ஆட்டம், புக்கிட் ஜாலில்: இந்தோனேசியாவுடன் 3-0

• இறுதி ஆட்டம், ஜகார்த்தா: இந்தோனேசியாவுடன் 1-2

முதல் ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல் வாங்கிய தற்காப்பு, அடுத்த ஆறு ஆட்டத்திலும் சேர்த்து வாங்கியது மூன்றே மூன்று. நான்கு ஆட்டத்தில் வலை அசையவே இல்லை. என்னைக் கேட்டால், ராஜகோபால் என்ற பயிற்றுநரைப் புரிந்துகொள்ள இந்த ஒரு கணக்கு போதும். தோல்விக்குப் பிறகு அவர் பீதியில் அணியைக் கலைக்கவில்லை. ஓட்டை எங்கே என்று பார்த்து அடைத்தார்.

அதிர்ஷ்டமே இல்லை என்றும் சொல்ல முடியாது. கடைசிப் பிரிவு ஆட்டத்தில் தாய்லாந்து, இந்தோனேசியாவை வென்றிருந்தால் மலேசியா அத்தோடு வீடு திரும்பியிருக்கும். தாய்லாந்துதான் முதலில் கோலும் போட்டது. கடைசி நிமிடங்களில் இந்தோனேசியாவுக்கு இரண்டு பெனால்டி கிடைத்து, 2-1 என்று முடிந்தது. அதாவது, நம்மை ஐந்து கோல் அடித்த இந்தோனேசியாவே நம்மை அரையிறுதிக்கும் தூக்கிவிட்டது! அதன் விலையை அவர்கள் இறுதி ஆட்டத்தில் கொடுத்தார்கள்.

அரையிறுதியில் எதிரே நின்ற வியட்நாம், 2008-ல் கிண்ணம் வென்ற நடப்பு வெற்றியாளர். புக்கிட் ஜாலிலில் சாஃபி சாலி இரண்டு கோல் போட்டார். ஹனோயில் அணி உயிரைக் கொடுத்துத் தற்காத்தது. 21 வயது கோல் காவலர் கைருல் ஃபாமி சே மாட் அன்றுதான் நாட்டுக்கே செல்லப்பிள்ளை ஆனார்.

டிசம்பர் 26-ஆம் தேதி இறுதி ஆட்டத்தின் முதல் பாகம். புக்கிட் ஜாலில் நிரம்பி வழிந்தது. இரண்டாம் பாதியில், பார்வையாளர் பகுதியிலிருந்து லேசர் ஒளி அடிப்பதாகச் சொல்லி இந்தோனேசிய அணி திடலைவிட்டு வெளியேற, ஆட்டம் சில நிமிடம் நின்றது. நம்ம ரசிகர்களுக்கு அது பெருமை தரும் விஷயம் இல்லை, அதையும் சொல்லியாக வேண்டும். ஆட்டம் மறுபடி தொடங்கியதும் நோர்ஷாருல் இட்லான் கோல் கோட்டோரமாகப் பந்தை விடாப்பிடியாகத் தட்டிக்கொண்டு போய்க் கொடுக்க, சாஃபி சாலி முதல் கோல் போட்டார். அடுத்து அஷாரி சம்சுடின். மறுபடி சாஃபி. பன்னிரண்டு நிமிடம்போல, மூன்று கோல்.

மூன்று நாள் கழித்து ஜகார்த்தா. முதல் பாதியிலேயே இந்தோனேசியாவுக்குப் பெனால்டி. அணித்தலைவர் ஃபிர்மான் உத்தினா உதைத்ததைக் கைருல் ஃபாமி பிடித்தார். இரண்டாம் பாதியில் சாஃபி ஒரு கோல் போட்டதும் அரங்கமே அடங்கிப்போனது. இந்தோனேசியா பிறகு இரண்டு கோல் போட்டு ஆட்டத்தை வென்றது, ஆனால் மொத்தக் கணக்கில் 4-2 என்று கிண்ணம் நமக்கு. ஐந்து கோல்களோடு போட்டியிலேயே அதிக கோல் போட்டவர் சாஃபி சாலி.

சரி, ஜெயிச்சது எப்படி?

“ராஜகோபால் மந்திரம் போட்டார்” என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் மந்திரத்தை யாரும் திரும்பச் செய்ய முடியாது. காரணங்களைத்தான் திரும்பச் செய்ய முடியும். முக்கியமாக மூன்று.

ஒன்று, ஒன்றாக வளர்ந்த அணி. 2007-ல் மலேசியக் காற்பந்துச் சங்கம், அதாவது எஃப்ஏஎம், ஹரிமாவ் மூடா என்ற இளையோர் அணியை உருவாக்கியது. இளம் ஆட்டக்காரர்களை ஒரே இடத்தில் சேர்த்து, ஆண்டு முழுக்கப் பயிற்சி கொடுத்து, உள்நாட்டு லீக்கில் பெரியவர்களோடு மோதவிட்டார்கள். 2009-ல் அந்த அணி பிரிமியர் லீக் பட்டத்தையே வென்றது. 2010 கிண்ண அணியில் இருந்த 19 வயது தற்காப்பு ஆட்டக்காரர் ஃபாட்லி ஷாஸ் போன்றவர்கள் அங்கிருந்து வந்தவர்கள். தேசிய அணிக்காக இரண்டு வாரம் கூடிப் பிரிகிறவர்களுக்கும், ஒரே விடுதியில் சாப்பிட்டுத் தூங்கி ஒன்றாக விளையாடியவர்களுக்கும் வித்தியாசம் இருக்கும்தானே?

இரண்டு, உள்ளூர் லீக்கில் கிடைத்த வாய்ப்பு. 2009 முதல் 2011 வரை மலேசிய லீக்கில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு அனுமதி இல்லை. அதுவரை எல்லா அணியும் கோல் போடுகிற வேலையை வெளிநாட்டவரிடம் கொடுத்துவிடும். தடை வந்ததும் அந்த இடம் சாஃபி சாலிக்கும் நோர்ஷாருலுக்கும் கிடைத்தது. வாரா வாரம் 90 நிமிடம், முழுப் பொறுப்போடு. இந்தத் தடையால் லீக்கின் தரம் குறைந்தது என்று சொல்பவர்களும் உண்டு, அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் தேசிய அணிக்கு அது பலன் கொடுத்தது என்பதை மறுக்க முடியாது.

மூன்று, பயிற்றுநருக்குத் தன் பசங்களைத் தெரியும். அவர்களில் பலரை ராஜகோபால் சின்ன வயதிலிருந்தே பார்த்து வந்தவர். அதனால்தான் 1-5 என்று தோற்ற பிறகும் அவர்களை நம்ப முடிந்தது. 2009-ல் வியட்நாம், 2010-ல் இந்தோனேசியா. முதலில் அடிவாங்கி, இறுதியில் அதே அணியை வீழ்த்துவது ஒரு முறை நடந்தால் தற்செயல். ஓராண்டு இடைவெளியில் இரண்டு முறை நடந்தால், அதில் பயிற்றுநரின் கை இருக்கிறது.

அப்புறம் ஏன் சறுக்கினார்?

புகழ்ச்சியோடு நிறுத்திவிட்டால் இது பாதிக் கதைதான்.

2011-ல் உலகக் கிண்ணத் தகுதிச்சுற்றில் மலேசியா சிங்கப்பூரை எதிர்கொண்டது. ஜாலான் புசார் அரங்கில் 3-5. புக்கிட் ஜாலிலில் 1-1. அத்தோடு வெளியே. 2012 சுசுகி கிண்ணத்தின் முதல் ஆட்டத்தில் மறுபடி சிங்கப்பூர், சொந்தத் திடலில் 0-3. இந்த முறையும் அணி தேறி அரையிறுதி வரை வந்தது, ஆனால் தாய்லாந்திடம் 1-1, 0-2 என்று முடிந்தது. கிண்ணம் சிங்கப்பூருக்குப் போனது. ஆசியக் கிண்ணத் தகுதிச்சுற்றையும் தாண்ட முடியவில்லை. 2013 இறுதியில் ராஜகோபாலின் காலம் முடிவுக்கு வந்தது.

என்ன ஆனது? ஒரு காரணம், மற்ற அணிகள் நம்மைப் படித்துவிட்டன. 2010-ல் யாருக்கும் தெரியாத பையன்கள், 2012-ல் எல்லோருக்கும் தெரிந்த ஆட்டக்காரர்கள். இன்னொன்று, சாஃபி சாலி என்ற ஒரு தோளின் மேல் கோல் சுமை அதிகம் விழுந்தது. மூன்றாவதுதான் முக்கியமானது: இளைஞர்கள் வளர்ந்து பெரியவர்களானதும், அவர்களைத் தள்ளிக்கொண்டு அடுத்த அணி கீழிருந்து போதிய வேகத்தில் வரவில்லை. இளையோரைக் கட்டுகிற வேலையில் தேர்ந்த ஒரு பயிற்றுநரிடம், முடிவுகளை மட்டும் கேட்கிற வேலையைக் கொடுத்தோம்.

அதோடு, உள்ளூர்ப் பயிற்றுநருக்கு நாம் தருகிற பொறுமையின் அளவு தனி. வெளிநாட்டவர் தோற்றால் “கட்டமைப்பு சரியில்லை” என்போம். நம்ம ஆள் தோற்றால் “அவருக்குத் தெரியவில்லை” என்போம். 2010 டிசம்பர் 1-க்கும் 29-க்கும் நடுவில் அவரைப் பற்றி நாடு பேசியதே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

அவர் விதைத்தது என்ன ஆனது?

முழுக்க வீண்போகவில்லை. 2011-ல் ஜகார்த்தாவில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் ஓங் கிம் சுவீ தலைமையிலான 23 வயதுக்குட்பட்டோர் அணி, இந்தோனேசியாவைப் பெனால்டியில் வென்று தங்கத்தைத் தக்கவைத்தது. ராஜகோபாலுக்கு உதவிப் பயிற்றுநராக இருந்த டான் செங் ஹோ, பின்னர் தேசிய அணியின் தலைமைப் பயிற்றுநராகி, 2018-ல் அதே கிண்ணத்தின் இறுதி ஆட்டம் வரை அணியைக் கொண்டுசென்றார். வியட்நாமிடம் மொத்தக் கணக்கில் 2-3 என்று நூலிழையில் தவறியது. 2014-லும் இறுதி வரை போய்த் தாய்லாந்திடம் தோற்றோம்.

ஆனால் நடுவில் விழுந்த பள்ளம் ஆழமானது. 2015 செப்டம்பரில் ஐக்கிய அரபுச் சிற்றரசுகளிடம் 0-10. எழுத்துப் பிழை இல்லை, பூஜ்யத்துக்குப் பத்து. அதே ஆண்டு இறுதியில் ஹரிமாவ் மூடா திட்டம் கலைக்கப்பட்டது. இளம் ஆட்டக்காரர்களைப் பயிற்றுவிக்கும் பொறுப்பு மாநில அணிகளுக்கும் கிளப்புகளுக்கும் போய்ச் சேர்ந்தது. பஹாங்கின் கம்பாங்கில் இருக்கும் மொக்தார் டஹாரி அகாடமி போன்ற முயற்சிகள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனாலும், ஒரு தலைமுறையை ஒன்றாக வளர்த்து அப்படியே மூத்தோர் அணிவரை கொண்டுவந்த அந்த நேர்க்கோடு அங்கே அறுந்தது.

நம்ம பெயர்கள் எங்கே?

தமிழ் வாசகர்களுக்கு ராஜகோபாலின் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு.

ஒரு காலத்தில் மலேசிய அணியின் பட்டியலில் இந்தியப் பெயர்கள் சாதாரணம். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் விளையாடிய எம். சந்திரன், நீண்ட கைகளால் “ஸ்பைடர்மேன்” என்று பெயர் வாங்கிய கோல் காவலர் ஆர். ஆறுமுகம், தற்காப்பில் சுவராக நின்ற சந்தோக் சிங். உங்கள் தாத்தாவிடம் இந்தப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள், அரை மணி நேரம் பேசுவார்.

2010 அணியிலும் எஸ். குணாளன், கே. குருசாமி இருந்தார்கள். பயிற்றுநர் பக்கம் பார்த்தால் இன்னும் வியப்பு. 2007 முதல் 2013 வரை தேசிய அணியின் தலைமைப் பயிற்றுநர்களாக இருந்த சத்தியநாதன், ராஜகோபால் இருவருமே இந்திய வம்சாவளியினர். 2011-ல் கிளந்தானுக்கு சூப்பர் லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தவர் எம். கராத்து.

இன்று தேசிய அணியில் நம்ம பெயர் ஒன்றிரண்டு வந்தாலே செய்தி. தோட்டத்துத் திடல்களில் மாலையானால் பந்து உதைத்த தலைமுறை, நகரத்து அடுக்குமாடிகளுக்கு இடம்மாறியது. அங்கே திடல் கிடையாது. இருக்கிற செயற்கைப்புல் திடலுக்கு மணிக்கணக்கில் வாடகை. பயிற்சி வகுப்புக்குக் கட்டணம், காலணிக்குக் காசு, கூட்டிப்போக ஆள். திறமை குறையவில்லை, அது மேலே ஏறுகிற படிகள் விலையேறிவிட்டன.

இதை மாற்ற முயற்சி நடக்காமலும் இல்லை. மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்திலிருந்து கிளைத்த அணி, பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக் வரை வந்தது. 2021-ல் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல், முழுக்க உள்ளூர் ஆட்டக்காரர்களோடு களமிறங்கியது. 2022 பருவம் முடிந்ததும் லீக்கிலிருந்து விலகிக்கொண்டது.

இப்போ ஏன் இதைப் பேசணும்?

2025 ஜூன் 10. புக்கிட் ஜாலிலில் மலேசியா 4, வியட்நாம் 0. பத்தாண்டுகளாக வெல்ல முடியாத அணியை இப்படி நொறுக்கியதும் நாடே கொண்டாடியது. மூன்று மாதம் கழித்து, செப்டம்பர் 26-ஆம் தேதி, ஃபிஃபாவின் அறிவிப்பு வந்தது. வெளிநாட்டில் பிறந்து, தாத்தா பாட்டி மலேசியாவில் பிறந்தவர்கள் என்ற அடிப்படையில் அணிக்குள் வந்த ஏழு ஆட்டக்காரர்களின் ஆவணங்கள் போலியானவை என்றது ஃபிஃபா. ஏழு பேருக்கும் 12 மாதத் தடை, எஃப்ஏஎம்முக்கு 350,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதம். எஃப்ஏஎம் மேல்முறையீடு செய்தது. நவம்பரில் ஃபிஃபாவின் மேல்முறையீட்டுக் குழு அதை நிராகரிக்க, விவகாரம் விளையாட்டுக்கான நடுவர் மன்றம் வரை போனது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வம்சாவளி ஆட்டக்காரர்களைச் சேர்ப்பது தவறில்லை. விதிக்கு உட்பட்டு உலகமே அதைச் செய்கிறது. இந்தோனேசியா பெரிய அளவில் செய்கிறது. கிம் பான் கோன் பயிற்றுவித்த மலேசிய அணி 2024 ஜனவரியில் ஆசியக் கிண்ணத்தில் தென்கொரியாவோடு 3-3 என்று சமன் செய்தபோது, உள்ளூரில் வளர்ந்தவர்களும் வெளியிலிருந்து வந்தவர்களும் சேர்ந்துதான் விளையாடினார்கள். அந்த இரவும் மறக்க முடியாத இரவுதான்.

அதேபோல், 2010-ஐ அப்படியே திரும்பக் கொண்டுவந்துவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். 15 ஆண்டில் வியட்நாம் எங்கேயோ போய்விட்டது. வெளிநாட்டு ஆட்டக்காரர்களை மறுபடி தடைசெய்வதை இன்றைய கிளப்புகள் ஏற்காது. ராஜகோபாலுக்குக் கிடைத்த மாதிரி, ஒரே அணியை மாதக்கணக்கில் கையில் வைத்துக்கொள்ளும் வசதியும் இன்று எந்தப் பயிற்றுநருக்கும் கிடைக்காது.

ஆனால் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்று உண்டு. 15 வயதுப் பையனை இன்று தேர்ந்தெடுத்தால், அவன் தேசிய அணிக்கு வர ஆறேழு ஆண்டாகும். அந்த ஆறேழு ஆண்டில் அவன் தோற்பான். அவனுடைய அணி ஐந்து கோல் வாங்கும். அப்போது அவனையும் பயிற்றுநரையும் வீட்டுக்கு அனுப்பாமல் இருக்க வேண்டும். இதற்குப் பணத்தைவிடப் பொறுமை அதிகம் வேண்டும். போலி ஆவணம் என்று ஃபிஃபா சொல்கிற விவகாரம் எங்கிருந்து தொடங்கியது என்று யோசித்தால், அந்தப் பொறுமை இல்லாத இடத்தில்தான் போய் நிற்கிறோம்.

2010 டிசம்பர் 29-ஆம் தேதி நான் பல்கலைக்கழக மாணவன். விடுதிக்குப் பக்கத்து மாமாக் கடையில் நாற்காலி கிடைக்காமல் நின்றுகொண்டே ஆட்டம் பார்த்தேன். கைருல் ஃபாமி பெனால்டியைப் பிடித்தபோது, பக்கத்தில் நின்ற, பெயர்கூடத் தெரியாத ஒரு மலாய் அண்ணன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். எதிரே ஒரு சீனப் பெரியவர் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்து திரையில் ராஜகோபால் முகம் வந்ததும் கடை முழுக்கக் கைதட்டியது. என் அம்மாவுக்குக் காற்பந்து பற்றி ஒன்றுமே தெரியாது. மறுநாள் போன் செய்து கேட்டார்: “டேய், அந்தப் பயிற்றுநர் நம்ம ஆளாமே?”

அந்த வாரத்தில் மலேசியர் எல்லோருமே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அவரவர் மொழியில். அடுத்த ராஜகோபால் இப்போது எங்கேயோ ஒரு சின்னத் திடலில், 13 வயதுப் பையன்களோடு நின்றுகொண்டிருக்கலாம். அவருடைய அணி போன வாரம் 1-5 என்று தோற்றிருக்கலாம். அடுத்த வாரமும் அந்தத் திடலுக்கு வர அவருக்கு இடம் கொடுக்கிறோமா என்பதைப் பொறுத்துத்தான், அடுத்த டிசம்பர் 29 எப்போது வரும் என்பதும்.